அம்மாவுக்குப் பிறகு யார்? மனநோயுடன் வாழ்வோருக்கு ஒரு வீடும் ஒரு குரலும்



தொண்டு என்றதும் நம் மனதில் வருவது அன்னதானம், கோயில் துப்புரவு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல். எல்லாம் நல்லதுதான். இம்மாதப் பாடத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு தொண்டைப் பார்ப்போம். மனநோயுடன் வாழும் ஒருவர், சிகிச்சைக்குப் பிறகு எங்கே வாழ்வது? அவருக்காக யார் பேசுவது?

நம் குடும்பங்களில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு: அம்மா. மருந்து எடுத்துக் கொடுப்பது அம்மா. கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால் பதில் சொல்வதும் அம்மா. அந்த அம்மாவுக்கு எழுபது வயது ஆனதும் ராத்திரியில் தூக்கம் வராது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" இந்தக் கேள்வி பங்சாரிலும் இருக்கிறது, பந்தாய் டாலம் ஃபிளாட்டிலும் இருக்கிறது, கிள்ளான் தாமான்களிலும் இருக்கிறது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் பொறியியல் படிக்கிறவன். எங்கள் பாடத்தில் ஒரு எளிய விஷயம் சொல்வார்கள்: ஒரே தூணில் நிற்கும் கட்டடத்தில் அந்தத் தூண் எவ்வளவு பலமாக இருந்தாலும், வடிவமைப்பு தப்பு. ஒரு தூண் போனால் மற்றவை சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். மனநோயுடன் வாழும் நம் ஆட்களின் வாழ்க்கையை நாம் அம்மா என்ற ஒற்றைத் தூணில் நிறுத்தி வைத்திருக்கிறோம். மற்ற தூண்கள் எவை என்று தேடுவதுதான் இந்தப் பாடம்.

1. நம் சமயம் காட்டும் ஒரு வீடு

திலகவதியார் கதை நமக்குத் தெரியும். சூலை நோயால் துடித்த தம்பி மருணீக்கியார் இரவோடு இரவாக அக்காவைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அது வயிற்று நோய், மனநோய் அல்ல. ஆனால் அக்கா செய்ததைக் கவனியுங்கள். முதலில் இடம் கொடுத்தார். திருநீறு கொடுத்துக் கூடவே கோயிலுக்கு அழைத்துப் போனார், அது துணை. தம்பியின் நாவிலிருந்து பதிகம் பிறந்தது. அது அவருடைய சொந்தக் குரல். பிறகு உழவாரம் அவர் கைக்கு வந்தது, அது வேலை. நோயாளியாக வந்தவர் நாவுக்கரசர் ஆனார்.

இடம், துணை, வேலை, குரல். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மனநலத் துறை சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்திருப்பதும் ஏறக்குறைய இந்த நான்கிடம்தான்.

இன்னொன்று. சுந்தரர் தம் முதல் பதிகத்தில் இறைவனையே பித்தன் என்றுதான் அழைத்தார். அந்தச் சொல்லைச் சாமிக்கு வைத்துப் பாடும் நாம், மனிதருக்கு வைக்கும்போது மட்டும் கல்லாக எறிகிறோம்.

2. பூட்டி வைத்த காலம்

நம் நாட்டில் யாரையாவது கேலி செய்ய "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ" என்று சொல்வார்கள். ஈப்போ பக்கத்தில் 1911-இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைய பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றியாச்சு, நம் கேலி மாறவில்லை.

அந்தக் காலத்தில் உலகமெங்கும் இதே முறைதான். ஊருக்கு வெளியே பெரிய கட்டடம், உயரமான மதில். நோய் தணிந்த பிறகும் பலர் அங்கேயே இருந்துவிட்டார்கள். காரணம் நோய் இல்லை, போவதற்கு வீடு இல்லை. இந்தியாவில் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்து 2019-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், அங்கே இருந்தவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் ஓராண்டோ அதற்கு மேலோ உள்ளேயே தங்கியிருந்தார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே இருந்த நிலை இன்னும் மோசம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அது ஒரு தர்காவை நம்பி வந்தவர்கள் தங்கிய இடம். ஆனால் எந்தச் சமயம் என்பது இங்கே கேள்வியே இல்லை. சங்கிலிக்குச் சமயம் கிடையாது. கோயில் வாசலிலும் கட்டி வைத்திருக்கிறார்கள், வீட்டின் பின்னறையிலும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்துக்குள் வாழ்வது அவருடைய உரிமை.

3. கோயில் செய்தது என்ன?

"அப்படின்னா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது தப்பா?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது.

பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிக் குணம் தேடியவர்களைக் கவனித்தார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் அது வெளிவந்தது. மொத்தம் 31 பேர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது.

அங்கே பேயோட்டவில்லை, அடிக்கவில்லை, கட்டவில்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கினார். காலையில் பூசை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். பயமுறுத்தாத, ஆறுதலான சூழல்தான் பயன் தந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. எனவே "மருந்தை நிறுத்திட்டுக் கோயிலுக்கு வா" என்று இது சொல்லவில்லை. மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்து தேவை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பும். ஆய்வு நமக்குச் சொல்வது வேறு: கோயிலில் பயன் தந்தது எதுவோ, அது நம் கையிலும் இருக்கிறது. இடம், துணை, வேலை. இதைத் தர மந்திரக்காரர் தேவையில்லை.

4. மீண்டும் ஒரு வீடு

1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் மனநோயுடன் ஆதரவின்றி இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். எங்கே சேர்ப்பது என்று அலைந்தும் சரியான இடம் கிடைக்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'தி பேனியன்' அமைப்பு. பேனியன் என்றால் ஆலமரம். அப்போது அவர்களுக்கு ஏறக்குறைய நம் வயது. இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தெருவில் இருந்த பெண்களுக்கு அவர்கள் 'அடைக்கலம்' என்ற இல்லம் தொடங்கினார்கள். பலர் குணமடைந்து குடும்பத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் சிலருக்குக் குடும்பமே இல்லை, சிலரைக் குடும்பம் ஏற்கவில்லை. அவர்கள் வருடக் கணக்கில் இல்லத்திலேயே தங்க வேண்டிய நிலை. நல்ல இல்லமாக இருந்தாலும் அது நிலையம்தானே? மணி அடித்தால் சாப்பாடு, விளக்கை அணைத்தால் தூக்கம்.

எனவே 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் வந்தது. முறை எளிது. ஊருக்கு நடுவில், சாதாரணத் தெருவில், ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பம் போல் வாழ்வார்கள். யாரோடு வாழ்வது என்பதில் அவர்களுக்கும் சொல் உண்டு. தேவைக்கு ஏற்ப உதவியாளர் ஒருவர் கூட இருப்பார். அவர் காவலாளி அல்ல. சமையலுக்கும் கடைக்கும் வங்கிக்கும் கிளினிக்குக்கும் துணை, அவ்வளவுதான். உதவியாளர்களில் பலர் அதே வட்டாரத்துச் சாதாரணப் பெண்கள். பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்.

இதைத்தான் ஆதரவுடன் கூடிய குடியிருப்பு என்கிறோம். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: வீடு பரிசு அல்ல. "நல்லா நடந்துக்கிட்டா வீடு தருவோம்" என்பது பழைய முறை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம் இதைத் தலைகீழாக்கியது: முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. முதலில் வீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகக் காலம் நிலையாக ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள்.

இரண்டு: உதவி ஆளைப் பொறுத்து மாறும். ஒருவருக்கு இரவும் பகலும் துணை வேண்டும். இன்னொருவருக்கு வாரம் ஒருமுறை யாராவது வந்து பார்த்தால் போதும். நோய் கூடினால் உதவி கூடும், தணிந்தால் குறையும். வீடு மட்டும் மாறாது.

மூன்று: அக்கம்பக்கம்தான் பாதி மருந்து. பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் நூற்றாண்டுகளாகச் சாதாரணக் குடும்பங்கள் மனநோயுடன் உள்ளவர்களைத் தங்கள் வீட்டில் தங்க வைத்து வருகின்றன. தொடக்கம் புனித டிம்ப்னா தேவாலயத்துக்கு வந்த யாத்திரிகர்கள். கோயிலைச் சுற்றி வளர்ந்த வழக்கம், கோயிலைத் தாண்டி ஊர் வழக்கமாகிவிட்டது.

5. நம் ஊரில் நிலை

மலேசியாவில் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. அது 1952-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அது இடம் தருகிறது. சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் அப்படிப்பட்டவை. வேலைக்குத் திரும்ப அங்கே உதவி கிடைக்கும். 2010-இல் மலேசியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையையும் ஏற்றது. அதன் 19-ஆவது விதி, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. நம் ஓ.கே.யு. அட்டையிலும் மனநலத்துக்குத் தனிப்பிரிவு உண்டு. பல குடும்பங்கள் "பேர் கெட்டுப் போகும்" என்று விண்ணப்பிப்பதே இல்லை.

சட்டம் ஓரளவு இருக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. பெரிய ஓட்டை வீட்டில்தான். பங்சாரையே எடுத்துக்கொள்வோம். வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கம். எல்.ஆர்.டி. இருக்கிறது. ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் ஒரு நிறுத்தம் தள்ளி. ஞாயிறு இரவுச் சந்தையில் நாலு மனிதர் முகம் பார்க்கலாம். ஆனால் வாடகை? வேலை நிலையாக இல்லாத ஒருவர் இங்கே தனியாக ஓர் அறை எடுப்பதே கஷ்டம். பணம் இருந்தாலும், மருந்து சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் வேறு சாக்கு சொல்வார்.

எங்கள் அத்தை இருபது வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கிறார். பாட்டியோடு பங்சாரில் ஒரு பழைய ஃபிளாட்டில் இருக்கிறார். "எழுது, ஆனா என் பேரைப் போடாதே" என்று சொல்லித்தான் இதை எழுதச் சம்மதித்தார். பாட்டிக்கு 78 வயது. குடும்பத்தில் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, யார் வீட்டில் அத்தையை வைத்துக்கொள்வது, எந்த இல்லத்தில் சேர்ப்பது, மாதம் எத்தனை வெள்ளி ஆகும் என்றுதான் பேச்சு. அத்தை சமையலறையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருப்பார். அவரை யாரும் கேட்டதில்லை.

இந்தப் பாடத்துக்காக நான் கேட்டேன்: "அத்தை, உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சாவி என் கையில இருக்கணும் தம்பி. நான் உள்ளாற பூட்டணும், நான் தொறக்கணும். ராத்திரி தூக்கம் வரலேன்னா லைட்டு போட்டு உட்காருவேன், அதுக்கு யாரும் மாத்திரையைக் கூட்டச் சொல்லக் கூடாது. அப்புறம் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், கதவைத் தட்டினா தொறக்குற ஆள்."

நான் இந்தப் பாடத்துக்காகப் படித்த எல்லாவற்றையும் அத்தை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கதவு, சாவி, சொந்த முடிவு, கூப்பிடு தூரத்தில் ஒரு துணை. இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. ஆனால் குடும்பப் பேச்சில் இதில் ஒன்றுகூட வந்ததில்லை.

6. குரல்: அனுபவப்பட்டவர் அனுபவப்பட்டவருக்கு

நான்காவது தூண் இதுதான். மனநோயை அனுபவித்து, அதிலிருந்து மீண்டு வருகிறவர், இன்னொருவருக்குத் துணையாகவும் அவருக்காகப் பேசுகிறவராகவும் இருப்பது. மருத்துவருக்கு நோய் தெரியும். இவருக்கு நோயோடு வாழ்வது தெரியும். இரண்டும் வேண்டும்.

இது புதிது அல்ல. 1940-களில் நியூயார்க்கில் ஒரு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் "நாம் தனியாக இல்லை" என்று பெயர் வைத்து ஒரு குழுவாகக் கூடினார்கள். அதிலிருந்து 1948-இல் ஃபவுண்டன் ஹவுஸ் பிறந்தது. அங்கே வருகிறவரை நோயாளி என்று சொல்வதில்லை, உறுப்பினர் என்றுதான் சொல்வார்கள்.

நம் நாட்டில் 1968 முதல் மலேசிய மனநலச் சங்கம் இயங்குகிறது. மியாசா என்ற அமைப்பை அனீத்தா அபு பாக்கார் 2017-இல் தொடங்கினார். அவரே மனநோய் அனுபவம் உள்ளவர், அதை வெளிப்படையாகப் பேசுகிறவர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. முன்பு, உயிர் பிழைத்தவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போதே வழக்கையும் நினைத்துப் பயப்பட வேண்டும். அதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில் மருத்துவர்கள், வழக்கறிஞர்களோடு இந்த அமைப்புகளும் இருந்தன.

ஆனால் வாதாடுவது என்றால் நாடாளுமன்றம் வரை போவது மட்டும் அல்ல. கிளினிக்கில் "இந்த மருந்தால எனக்கு ரொம்பத் தூக்கம் வருது டாக்டர்" என்று சொல்லத் தயங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க அண்ணே, நான் இருக்கேன்" என்பதும் அதுதான். அவர் வாயை அடைத்துவிட்டு நாம் பேசுவது இல்லை. அவர் பேச இடம் பிடித்துக் கொடுப்பது.

7. நாம் என்ன செய்யலாம்?

நாம் மருத்துவர்கள் இல்லை. வீடு வாங்கித் தரும் வசதியும் நமக்கு இல்லை. இருந்தாலும் நம் இயக்கம் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில் வாய். கூட்டத்திலும் வாட்சாப் குழுவிலும் "டி.ஆர். கேஸ்" என்ற பேச்சு வேண்டாம். ஒருவர் சொன்னால் இன்னொருவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, ஒற்றைத் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண். நம் உறுப்பினர் குடும்பத்தில் இப்படி ஓர் அம்மா இருந்தால், மாதம் ஒருமுறை கிளினிக்குக்குத் துணையாகப் போக நாலு பேர் முறை வைத்துக்கொள்ளலாம். அம்மா அன்றைக்கு ஒரு நாள் தூங்கட்டும். ஆனால் அந்த நபரின் சம்மதம் கேட்டுத்தான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மூன்றாவது, வேலை. கோயில் உழவாரப்பணிக்கு அழைக்கும்போது அவரையும் அழையுங்கள். ஒதுக்குப்புறமாக உட்கார வைத்துப் பிரசாதம் கொடுப்பது தொண்டு இல்லை. கையில் விளக்குமாறு கொடுங்கள், மாலை கட்டச் சொல்லுங்கள். நாளைக்கும் வரச் சொல்லுங்கள்.

நான்காவது, மேடை. மனநலம் பற்றி நிகழ்ச்சி வைத்தால் மருத்துவரை மட்டும் கூப்பிட வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவரையும் கூப்பிடுங்கள். அவருக்கும் அதே மாலை, அதே பொன்னாடை, அதே போக்குவரத்துச் செலவு.

ஐந்தாவது, வீடு. நம் பெற்றோரில், நமக்குத் தெரிந்த அங்கிள்களில் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் உண்டு. ஓர் அறை, ஒரு நியாயமான வாடகை, பிரச்சினை வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண். இதைப் பேசிப் பார்க்கலாம். மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு ஃபிளாட், ஓர் உதவியாளர் என்று தொடங்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போடுவது எங்களைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கம்தானே!

அவசரத்துக்கு: யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு பேசினால், தனியாக விடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. உடனடி ஆபத்து என்றால் 999.

குழுவில் பேசுவதற்கு

அ. நம் வட்டாரத்தில் மனநோயுடன் வாழும் ஒருவருக்கு இடம், துணை, வேலை, குரல் ஆகிய நான்கில் எது இருக்கிறது, எது இல்லை? (பெயர் சொல்லாமல் பேசவும்.)

ஆ. பக்கத்து வீட்டை மனநோயிலிருந்து மீண்டு வரும் நான்கு பேர் வாடகைக்கு எடுத்தால், நம் வீட்டில் என்ன பேசுவார்கள்? நாம் என்ன பதில் சொல்வோம்?

இ. பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒருவரின் சாவியை நாம் வாங்கி வைத்துக்கொள்வது எப்போது நியாயம்? எப்போது வெறும் பயம்?

ஈ. திலகவதியார் தம்பிக்காகச் செய்ததில் நம் இயக்கம் அடுத்த மாதமே தொடங்கக் கூடியது எது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். உங்கள் குடும்பத்திலோ தெரிந்த இடத்திலோ இப்படி ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி மற்றவரிடம் விசாரிக்காமல் அவரிடமே கேளுங்கள்: "உங்களுக்கு எப்படி வாழணும்னு ஆசை?" பதில் உடனே வராவிட்டால் பரவாயில்லை. இன்னொரு நாள் போய்த் திரும்பக் கேளுங்கள்.